நிற்குமா என்பதே கேள்வி: மாண்ட்ரியலில் ஒரு குடும்ப வேனுக்கு வின்டர் டயர் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரைச் சேர்ந்த குடும்பம். கணவர் விமான உதிரிபாகத் துறையில் பொறியாளர். மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே கணவரின் அம்மா. கனடாவில் மிசிசாகாவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, வேலை மாற்றம் காரணமாக ஒரு செப்டம்பர் மாதம் மாண்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தார்கள். எனக்கு அவர்களோடு நெடுநாள் பழக்கம். டயர் பார்க்கப் போனபோதெல்லாம் கூடப் போனேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வண்டி, ஏழு பேர் உட்காரும் மினிவேன். முன்சக்கர இயக்கம். பழைய வண்டியாக வாங்கியபோதே 18 அங்குல அலாய் ரிம்மும், எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் ஆல் சீசன் டயரும் இருந்தன. மிசிசாகாவில் அதை வைத்தே எல்லாக் குளிர்காலத்தையும் ஓட்டிவிட்டார்கள். மிசிசாகா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், குளிர்காலத்துக்கென்றே செய்யப்பட்ட வின்டர் டயர் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் அங்குள்ள இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வின்டர் டயர் போட்டவர்களுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. அதை இவர்களிடம் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் நிலைமை வேறு. கனடாவில் வின்டர் டயரை முதலில் கட்டாயமாக்கிய மாகாணம் இது. 2008-இல் சட்டம் வந்தபோது டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது. 2019-இலிருந்து தொடக்கத் தேதியை டிசம்பர் 1 ஆக்கினார்கள். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம், செலவுத் தொகை தனி. மாகாணத்தில் பதிவான வண்டிகளுக்கு இது பொருந்தும். குடிவந்தவர்கள் 90 நாளுக்குள் வண்டியை இங்கே பதிவு மாற்ற வேண்டும். இவர்கள் அக்டோபரிலேயே மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 1 என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

நவம்பர் நடுவில் நடந்தது

முதல் பனி விழுந்த காலை. வெப்பநிலை சைபருக்குச் சற்றுக் கீழே. தெருவில் நாலு விரல்கடை உயரத்துக்கு ஈரப்பனி. மனைவி வண்டி ஓட்ட, பின்னால் பிள்ளைகள் இருவரும் மாமியாரும். வீட்டுத் தெரு லேசாகக் கீழ்நோக்கிச் சரிந்து ஒரு ஸ்டாப் போர்டில் முடிகிறது. வேகம் 30 இருந்திருக்கும். வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தார். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, குறுக்குத் தெருவில் பாதி நீட்டிக்கொண்டு நின்றது. குறுக்கே வந்த கார்க்காரர் முன்கூட்டியே பார்த்து நிறுத்தியதால் மோதல் இல்லை. யாருக்கும் அடி இல்லை.

அன்று மாலை அவர் கணவரிடம் சொன்னது, "பிரேக் பிடிக்கலைங்க." மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். பிரேக் பேட் நன்றாக இருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது, ஆயில் சரி. பெடல் அதிர்ந்தது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்ததன் அடையாளம். பிரேக் சக்கரத்தைப் பிடித்துவிட்டது, சக்கரம் சாலையைப் பிடிக்கவில்லை. மெக்கானிக் டயரைக் காட்டிவிட்டு பில் போடாமல் அனுப்பிவிட்டார்.

டயரில் பார்த்தது

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பட்டன், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் உள்ள வெட்டுப் பள்ளங்களின் ஆழம், 5 மில்லிமீட்டர் சுமார். கோடைக்கு இது தாராளம். பனிச்சாலையில் 4 மில்லிமீட்டரை நெருங்கிய டயரை ஓட்டாதீர்கள் என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. அப்படிப் பார்த்தால் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கம்.

பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று இருந்தது. சேறும் பனியும் என்பதற்கான முத்திரை. கணவர் இதைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் பனிக்கு ஏற்ற டயர் என்று நம்பியிருந்தார். அந்த முத்திரை பட்டனின் வடிவத்தை மட்டும் வைத்துத் தரப்படுவது. பனியில் ஓட்டிச் சோதித்துத் தருவது அல்ல. கியூபெக் சட்டத்துக்கு அது செல்லாது. அங்கே வேண்டியது, மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரை. 1999-இல் வந்தது. மாதிரி டயர் ஒன்றோடு ஒப்பிட்டுப் பனியில் சோதித்து, குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பு இருந்தால்தான் கிடைக்கும்.

ரப்பர்தான் அடுத்தது. ஆல் சீசன் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனி இல்லாத காய்ந்த சாலையிலும் இதுதான் கதை. வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. பட்டன் முழுக்கக் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் அழுந்தும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். கராஜில் காட்சிக்கு வைத்திருந்த புதிய வின்டர் டயரில் கட்டைவிரலை அழுத்தினால் பட்டன் நெளிந்தது. வேனில் இருந்ததை அழுத்தினால் நெளியவே இல்லை.

"மிசிசாகாவில் ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லையே" என்றார் கணவர். உண்மைதான். அவர்கள் இருந்த பகுதி சமதரை, பனி விழுந்த கொஞ்ச நேரத்தில் வழித்து, மிச்சம் உருக உப்புப் போட்டுவிடுவார்கள். ஆனால் அவர் அளந்தது வண்டி கிளம்புகிறதா என்பதை. நிற்குமா என்பதை அளக்க அங்கே சந்தர்ப்பம் வரவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு யோசனையையும் இந்தக் கேள்வியை வைத்தே தட்டிப் பார்த்தோம்.

மாண்ட்ரியல் சரிவுகள் இந்தப் பாடத்தை ஊருக்கே ஒரு தடவை காட்டியிருக்கின்றன. 2016 டிசம்பர் 5 அன்று, நகர மையத்தில் பீவர் ஹால் சரிவில் பேருந்துகள், கார்கள், போலீஸ் வண்டி, பனி வழிக்கும் வண்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி மோதிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அப்போதைய சட்டத் தேதியான டிசம்பர் 15 வர இன்னும் பத்து நாள் இருந்தது.

வந்த யோசனைகள்

ஒரு வாரத்துக்குள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அலுவலக நண்பர் ஒருவர், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மாறச் சொன்னார். கிளம்புவதற்கு அது பெரிய உதவி. நிறுத்துவதற்கு எந்த வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சமெல்லாம் டயர் கையில். தள்ளுபடி செய்தோம்.

இன்னொருவர், முன்சக்கர இயக்கம்தானே, முன்னால் மட்டும் இரண்டு போட்டால் பாதிச் செலவு என்றார். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை இதுதான். முன்சக்கரம் பிடித்து, பின்சக்கரம் பிடிக்காமல் போனால், சரிவில் பிரேக் போடும்போதோ வளைவிலோ பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். பிள்ளைகள் உட்காருவது அங்கேதான். அதோடு சட்டமும் நான்கையும் கேட்கிறது.

மூன்றாவது, பழைய டயர். இணைய விளம்பரத்தில் ரிம்மோடு நான்கு வின்டர் டயர், புதிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. போய்ப் பார்த்தோம். இருட்டிய நேரம், போன் வெளிச்சத்தில் பக்கவாட்டைப் படித்தோம். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் வருடமும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று டயர்கள் அந்தத் தேதி, நான்காவது வேறு. இங்கே ஒரு நாணயச் சோதனை சொல்வார்கள். 25 சென்ட் காசை, காரிபூ மான் தலைகீழாக இருக்கும்படி பள்ளத்தில் செருகினால் மூக்கு உள்ளே மறைய வேண்டும். இரண்டு டயர்களில் மூக்கு வெளியே நின்றது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கட்டையாக இருந்தது. மலை முத்திரை நான்கிலும் தெளிவாக இருந்ததால் போலீஸ் நிறுத்தினால் பிரச்சினை வராது. ஆனால் ஸ்டாப் போர்டில் நிற்க அந்த முத்திரை போதாது. விற்பவர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நான்காவது, ஆல் வெதர் டயர். இதைத்தான் அதிக நேரம் யோசித்தோம். மலை முத்திரை உண்டு, சட்டப்படி சரி, வருடம் முழுக்க ஒரே டயர், மாற்றும் வேலை இல்லை, இரண்டாவது செட்டை வைக்க இடம் தேட வேண்டாம். மிசிசாகாவிலேயே இருந்திருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு விஷயம் உண்டு. வட அமெரிக்காவில் அந்த மலை முத்திரைக்கான சோதனை, இறுகிய பனியில் சக்கரம் வண்டியை முன்னே உந்தும் திறனை அளப்பது. பிரேக் போட்டு நிற்பதையோ ஐஸ் மேல் பிடிப்பதையோ அது சொல்வதில்லை. கோடை வெயிலையும் தாங்க வேண்டிய ரப்பர், மைனஸ் 20-இல் முழு வின்டர் டயர் அளவுக்கு இளகாது. வீட்டு வாசலிலேயே சரிவு. அதில் தினமும் பிள்ளைகளோடு இறங்குபவர் மனைவி. டிசம்பர் விடுமுறைக்கு 401 நெடுஞ்சாலையில் மிசிசாகா போய்வரும் பயணமும் உண்டு. ஒரு வழிக்கே 550 கிலோமீட்டருக்கு மேல். இதையெல்லாம் வைத்துப் பார்த்தபோது வின்டர் டயர் பக்கமே தராசு சாய்ந்தது.

ஆணி பதித்த டயர் கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி. நகரத்துக்குள் பெரும்பாலும் உப்புப் போட்ட, தார் தெரியும் சாலை. அதில் ஆணி இரைச்சலைத்தான் தரும். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

எடுத்த முடிவு

ஆணி இல்லாத புதிய வின்டர் டயர் நான்கு, தனி இரும்பு ரிம்மில்.

அளவை 18-இலிருந்து 17 அங்குலத்துக்கு இறக்கினோம். வண்டியில் இருந்தது 235/55 ஆர் 18. கையேட்டைப் புரட்டியபோது, இதே வேனின் அடிப்படை மாடலுக்குக் கம்பெனியே 235/60 ஆர் 17 போட்டிருந்தது. இரண்டுக்கும் மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 716 மில்லிமீட்டரும் 714-ம். ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டாது, பிரேக்கும் இடிக்காது. 17 அங்குல டயர் விலை குறைவு. ரப்பர் சுவர் கொஞ்சம் உயரம் கூடுவதால், மாண்ட்ரியல் சாலைகளில் பனி கரையும்போது வாயைப் பிளக்கும் குழிகளில் ரிம் அடிபடுவதும் குறையும். சுமை எண் 102, அதாவது ஒரு டயருக்கு 850 கிலோ. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறும் வண்டியில் இந்த எண்ணைப் பழையதைவிடக் குறைய விடக்கூடாது. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்டோம்.

கம்பெனிப் பெயருக்கு இவ்வளவு யோசிக்கவில்லை. கடையில் அந்த அளவில் இருந்த நாலைந்து நல்ல மாடல்களில், தயாரிப்புத் தேதி புதியதாகவும் நான்கும் ஒரே தொகுதியாகவும் இருந்ததை எடுத்தோம். ஐஸ் மேல் பிரேக் சோதனைகளில் நன்றாக வந்த மாடல் என்பதும் ஒரு காரணம். ரிம், மாட்டும் கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,350 டாலர் பக்கம் வந்தது. ஆல் வெதர் எடுத்திருந்தால் ஆயிரத்துக்கு முடிந்திருக்கும். ஆனால் பழைய ஆல் சீசன் டயர் தூக்கிப் போடப்படவில்லை. இன்னும் இரண்டு மூன்று கோடைக்கு அது வரும்.

ஒரு செலவை மட்டும் வெட்டினார்கள். டயருக்குள் காற்றழுத்தம் பார்த்து டாஷ்போர்டில் விளக்கெரிய வைக்கும் சென்சார். கனடாவில் அது கட்டாயம் இல்லை. நான்கு சென்சாருக்கு இன்னும் 250 டாலர் என்றதும், வேண்டாம், சென்சார் இல்லாததால் விளக்கு எப்போதும் எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த நேரத்தில் அது நியாயமான கணக்காகத்தான் பட்டது.

மாட்டும் நாள் வரை

முதல் பனி விழுந்ததும் ஊரே கராஜுக்குப் போன் செய்யும். கேட்ட மூன்று இடத்திலும் டிசம்பர் இரண்டாம் வாரம்தான் நேரம் கிடைத்தது. நான்காவது இடத்தில், டயர் ஏற்கெனவே ரிம்மில் ஏற்றி வந்தால் கழற்றி மாட்டும் வேலை மட்டும்தானே என்று நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினார்கள். தனி ரிம் எடுத்ததன் முதல் பலன் அங்கேயே கிடைத்தது.

அதுவரை, பனி விழுந்த நாட்களில் பிள்ளைகளை மனைவி பேருந்தில் கூட்டிப் போனார். சாலை காய்ந்திருந்தால் மட்டும் வேன். அந்தச் சரிவை விட்டுவிட்டுச் சுற்றுவழி. மாமியாருக்கு இதில் கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் வேனை எடுக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

மாட்டிய பிறகு 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி, குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். புது ரிம்மில் நட்டு லேசாகத் தளரும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. அடுத்த பனி விழுந்த ஞாயிறு காலை, காலியாக இருந்த ஒரு வாகன நிறுத்துமிடத்தில், கணவனும் மனைவியும் மாறி மாறி 30 வேகத்தில் வந்து பிரேக்கை முழுசாக மிதித்துப் பார்த்தார்கள். பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் இருப்பது, எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது, இரண்டும்தான் நோக்கம். மனைவிக்கு வண்டி மேல் மறுபடி நம்பிக்கை வந்தது டயர் வாங்கியபோது அல்ல, அந்தக் காலையில்தான் என்று பிறகு சொன்னார்.

டிசம்பர் பயணம்

விடுமுறைக்கு மிசிசாகா கிளம்பினார்கள். கார்ன்வால் தாண்டி உறைமழை பிடித்துக்கொண்டது. விழும்போது தண்ணீராக இருந்து, தரையில் பட்டதும் கண்ணாடியாக உறையும் மழை. வண்டி ஒரு தடவை லேசாக அலைந்ததும், அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி, ஒரு சிறு விடுதியில் இரவு தங்கினார்கள். மறுநாள் உப்புப் போட்டபின் புறப்பட்டார்கள்.

நல்ல டயர் போட்டாயிற்றே, மெதுவாகப் போயிருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்களாம். வின்டர் டயர் பனியில் மிக நன்றாகப் பிடிக்கும், காய்ந்த ஐஸில் ஓரளவு பிடிக்கும். ஐஸ் மேல் நீர்ப்படலம் நிற்கும்போது எந்த டயருக்கும் கவ்வ ஒன்றும் இல்லை. அன்று நிறுத்தியது, அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் எடுத்த சிறந்த முடிவு என்பது என் கருத்து.

ஜனவரி

வெட்டிய செலவு இங்கே திரும்பி வந்தது. டயரில் காற்று அடித்தது கராஜுக்குள், 15 டிகிரி வெப்பத்தில், 35 பிஎஸ்ஐ. ஜனவரி மூன்றாம் வாரம் மைனஸ் 25 வந்தது. ஐந்தரை டிகிரி இறங்கினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏழு போய்விட்டது. அதற்கு மேல் ஒரு டயரில் வால்வு வழியாக மெதுவாகக் கசிவு வேறு. மஞ்சள் விளக்கு நவம்பரிலிருந்தே எரிந்துகொண்டிருந்ததால் அது இப்போது எதையும் சொல்லவில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதாக மனைவி சொன்னதால்தான் காற்றுப் பார்த்தார்கள். மூன்று டயர் 28, ஒன்று 19.

வால்வு மாற்றி, நான்கையும் குளிர்ந்த நிலையில் 35-க்கு நிரப்பினார்கள். அன்றே ஒரு சிறிய அளவுமானி வாங்கிக் கதவுப் பையில் வைத்தார்கள். அதன்பின் குளிர் சட்டென இறங்கும் நாட்களில் காலையில் காற்றுப் பார்ப்பது கணவரின் பொறுப்பு.

வசந்தத்தில்

மார்ச் 15-இல் சட்டம் முடிந்தாலும் டயரை மாற்றவில்லை. மாண்ட்ரியலில் ஏப்ரலிலும் பனி விழும். காலை வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் நிலைத்தபின், ஏப்ரல் கடைசியில் கழற்றினார்கள். ஒவ்வொன்றிலும் இருந்த இடத்தைச் சாக்பீஸால் எழுதி, உப்பைக் கழுவிக் காயவைத்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளச் சேமிப்பறையில் படுக்கைவசமாக அடுக்கினார்கள். முன்டயர்கள் பின்டயர்களைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. முன்சக்கர இயக்க வண்டியில் இது இயல்புதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சரிவில் மறுபடி கோட்டைத் தாண்டவில்லை. டயர் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த நவம்பருக்குப் பிறகு மனைவி அங்கே 20-க்கு மேல் போனதில்லை.

மாற்றிச் செய்பவை

கராஜில் நேரத்தை அக்டோபர் முதல் வாரத்தில் பதிவு செய்வது. டிசம்பர் 1 சட்டத்தின் தேதி, குளிர் அதற்குக் காத்திருப்பதில்லை. காலை வெப்பநிலை 7-க்குக் கீழே போகத் தொடங்கும்போதே டயர் மாட்டியிருக்க வேண்டும்.

சென்சார் நான்கும் அடுத்த பருவத்துக்கு முன் போடப்படும். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டியிருப்பதால், முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட இப்போது கூடுதல். அது ஓட்டுபவருக்குக் கண் மாதிரி. குறிப்பாக ஒரே வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வீட்டில், காற்றுப் பார்க்கும் வேலை இருவருக்கும் நடுவில் விழுந்துவிடும்.

முன்டயரும் பின்டயரும் இடம் மாறும், அதற்குத்தான் சாக்பீஸ் குறி. பட்டன் 5 மில்லிமீட்டருக்கு வந்ததும் நான்கையும் சேர்த்தே மாற்றுவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். இரண்டிரண்டாக அல்ல. மிசிசாகாவில் இருக்கும் கணவரின் தம்பி, இதைக் கேட்டுவிட்டு இன்சூரன்ஸ் தள்ளுபடியை விசாரித்து, தன் காருக்கு ஆல் வெதர் டயர் எடுத்துக்கொண்டார். அவர் தெரு சமதரை, தினமும் ஓட்டுவது சில கிலோமீட்டர்தான். அவருக்கு அது சரியான தேர்வு.